கடலோரத்தில் குடியேற எண்ணும் இளங்குடும்பங்களுக்கு

இடம்பெயர்ந்து வாழும் எமது கமக்காரக் குடும்பங்கள் மத்தியில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. சிலரது சொந்தக் காணி இன்னும் விடுபடவில்லை. சிலருக்குப் பெற்றோரின் துண்டு நிலம் பிள்ளைகள் எல்லோருக்கும் பகிரப் போதாது. நகரத்திலோ வாடகை கட்டி மாளாது. ஆகவே, கடலோரச் சிற்றூர் ஒன்றில் மலிவாக ஒரு துண்டுக் காணி வாங்கிக் குடியேறினால் என்ன? சிறு பிள்ளைகளோடு வாழும் இளம் தம்பதியரே இதனைக் கூடுதலாகக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. ஆயினும், விலையைக் கேட்கும்போதே அந்தக் காணி ஏன் மலிவாக இருக்கின்றது என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும்.

தண்ணீர்

கடலோர மணலின் கீழே மழையால் ஊறிய நன்னீர், கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேல்மட்டம் சிறிது இறங்கினாலும், கீழிருந்து உவர் வெகுவாக மேலேறும் என்பதே இதன் பொருள். தோட்டத்துக்கென்று இயந்திரம் பூட்டி இறைப்பவர், தம் கிணற்றை மட்டுமல்ல, அயலவர் கிணற்றையும் கெடுத்துவிடலாம்.

தை மாதத்தில் எந்தக் கிணறும் இனிக்கும். ஆவணி, புரட்டாதியில் போய்க் குடித்துப் பாருங்கள். சவர்க்காரம் நுரைக்கின்றதா, வாழையின் இலைவிளிம்பு கருகியிருக்கின்றதா என்று கவனியுங்கள். அவ்வூர்ப் பெண்கள் கோடையில் குடிநீருக்கு எவ்வளவு தூரம் நடக்கின்றார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊரிலே காணியின் மலிவு சில வருடங்களிலேயே கரைந்துவிடும்.

தொழில்

"கடல் இருக்கின்றது, பிழைத்துக்கொள்வோம்" என்று கமக்காரர் சிலர் எண்ணுகின்றனர். கடலுக்கும் ஒழுங்கு உண்டு. கரைவலைக்குப் பாடு உண்டு. பாட்டுக்கு உரித்தாளர் உண்டு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தோடு பேசாமல் வலை இறக்கினால் முதல் நாளிலேயே பகை வரும். இழுவைப்படகுகளால் வலைகளை இழந்து நிற்கும் மக்களின் கரையிலே, புதியவர் ஒருவரின் வருகை இன்னொரு சுமையாகத் தோன்றுவதும் இயல்பே. இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டபோதும் இத்துன்பம் தீர்ந்துவிடவில்லை.

காற்றையும் கணக்கிட வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். பங்குனிக்குப் பின் அமைதியடையும். காலபோகம் அறுவடையாகி வயல் ஓய்ந்திருக்கும் காலமும் அதுவே. ஆகவே குமுளமுனை போன்ற வயலூர்களுக்கு அண்மையிலுள்ள கரைகளில், கமத்தோடு கடற்கரைக் கூலி வேலையையும் மாறிமாறிச் செய்ய இடமுண்டு. ஆனால் அதே பருவத்தில் மேற்குக் கரையிலிருந்தும் தொழிலாளர் வந்து நாயாறு, கொக்கிளாய்ப் பகுதிகளில் வாடி அமைப்பதால் போட்டியும் கூடும்.

மன்னார் வளைகுடாப் பக்கத்திலே நிலைமை வேறு. அங்கு சோளகத்தில் கடல் கொந்தளிக்கும். தொழிற்பருவமும் காலபோகமும் ஒரே காலத்தில் வரும். எனினும் வங்காலை, அரிப்பு போன்ற ஊர்களின் பின்னே, கட்டுக்கரைக் குளத்தாலும் பிற குளங்களாலும் விளையும் வயல்கள் உள்ளன. கமத்தையே முதற்றொழிலாகக் கொள்ளும் குடும்பத்துக்கு அது அனுகூலமே. அங்கு வாரத்துக்கு வயல் கிடைக்குமா என்று கமக்கார அமைப்பிடம் கேளுங்கள்.

காணியின் உரித்து

காணி விற்பனை, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. 1840ஆம் ஆண்டிலிருந்தே இதுதான் சட்டம். வெறும் கைச்சாத்துக் கடிதத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்கவோ வாங்கவோ முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வடக்கின் தேசவழமைப்படி, பங்குக் காணியை வாங்கும் முதலுரிமை கூட்டுப் பங்காளருக்கு உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வீடு கட்டுவதாயின், 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். 2004 மார்கழி 26ஐ அறிந்த நாம் இதனை வெறும் அலுவலகத் தடையாக எண்ணலாகாது.

இவை சட்டத்தின் கேள்விகள். மனச்சாட்சியின் கேள்வி ஒன்றும் உண்டு. 1990 ஐப்பசியில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முன்னர், 1984இன் இறுதியில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பகுதித் தமிழ் மக்கள் தம் ஊர்களை விட்டு விரட்டப்பட்டார்கள். ஆளில்லாத காணி என்று ஒருவர் காட்டும் இடம், வேறோர் இடத்தில் அகதியாக இருந்த குடும்பத்தின் முற்றமாக இருக்கக்கூடும். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் ஆலயத்தில் வாசிக்கக் கேட்டிருக்கின்றோம். எமது காணியில் அந்நியர் இருப்பதை எண்ணி அழுகின்ற நாம், இன்னொருவரின் கண்ணீரின்மேல் அத்திவாரம் போடலாகாது. உரித்தாளர் எங்கே என்று கேட்டறியுங்கள். அவரையே கண்டு பேசுங்கள்.

சொந்த ஊர்

கடலோரத்தில் குடியேறினால் பிறந்த ஊரின் காணி கைவிட்டுப் போகுமா என்று பலர் அஞ்சுகின்றனர். உறுதிக்காணியின் உரித்து, வேறிடத்தில் வசிப்பதனால் மட்டும் அழிந்துவிடாது. உத்தரவுப்பத்திரக் காணிக்கோ, அதில் வசித்துப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. ஏன் அங்கு வசிக்க முடியவில்லை என்பதைப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்திருங்கள்.

செய்யத்தக்கது

முதலில் வாங்காதீர்கள். வாடகை வீட்டிலோ உறவினர் வளவிலோ ஒரு வருடம் இருந்து, வாடையையும் சோளகத்தையும் பாருங்கள். பாடசாலை எந்த வகுப்பு வரை உண்டு, மாரியில் பஸ் ஓடுமா, குடும்பநல மாது எத்தனை நாளுக்கொருமுறை வருவார், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு கட்டும்போது கடல்மணலைச் சேர்க்காதீர்கள். அதன் உப்பு கம்பியை அரித்துவிடும்.

இயலுமாயின் தனியே போகாமல் மூன்று நான்கு குடும்பங்களாகச் செல்லுங்கள். ஆனால் தனிக் குறிச்சியாக ஒதுங்காதீர்கள். கடற்றொழில் செய்யும் மக்களைத் தாழ்வாக எண்ணும் பழைய நோயைச் சொந்த ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள். அவர்களது மரணவீட்டுக்கும் சிரமதானத்துக்கும் போகின்ற குடும்பத்துக்கே, கோடையில் அவர்களது கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் கிடைக்கும்.