துருவன் தெரியும் மண்டபம்

சித்திரை மாதத்தில் ஆழ்வார்பேட்டையில் நடந்த உறவினர் கல்யாணம் ஒன்றில், அம்மி மிதித்த மணமகளை வாசலுக்கு அழைத்துவந்து, காலை வெயில் கண்ணைக் கூசவைக்கும் ஆகாயத்தைச் சுட்டிக்காட்டி, 'அருந்ததியைப் பார், துருவனைப் பார்' என்று சாஸ்திரிகள் சொன்னபோது, பக்கத்தில் நின்ற என் பேத்தி "எங்கே தாத்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு வாயால் விடை சொல்வதினும் கண்ணுக்கே காட்டிவிடுவது உத்தமம் என்று தோன்றியதால், மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு, டர்ன்புல்ஸ் சாலை வழியாக அடையாற்றுப் பாலத்தைக் கடந்து, கோட்டூர்புரத்திலுள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குச் சென்றேன்.

சென்னைவாசிகளுக்குக் காட்சிசாலை புதிதன்று. 1851-ல் தொடங்கப்பட்ட அரசாங்க மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்த நம் பாட்டிமார், பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர்களாயினும், அவ்விரண்டும் கற்குமிடங்களே என்பதை அறிந்திருந்தார்கள். கோட்டூர்புரத்து மையமோ மூன்றாவது வகையைச் சேர்ந்தது. இங்கே பல காட்சிப்பொருள்கள் பார்ப்பவரின் கைக்காகக் காத்திருக்கின்றன. பொத்தானை அழுத்தினால்தான், பிடியைச் சுழற்றினால்தான், யந்திரம் தன் தத்துவத்தை வெளியிடும். இம்முறையைப் பெரிய அளவில் வளர்த்தவர் ஜெர்மனியின் மின்பொறியாளர் ஆஸ்கர் ஃபான் மில்லர். அவர் 1903-ல் ம்யூனிக் நகரில் நிறுவிய ஜெர்மன் மியூசியத்தின் வழியிலேயே, 1959-ல் கல்கத்தாவிலும், பின்னர் பெங்களூரில் விசுவேசுவரய்யா பெயராலும் தொழில்நுட்பக் காட்சிசாலைகள் தோன்றின.

அதே மில்லரின் பிடிவாதத்தால் பிறந்ததுதான் கோளரங்கமும். உள்ளே மனிதர் அமரக்கூடிய பெரியதோர் கோளம் செய்து, நக்ஷத்திரங்களுக்காக அதில் துவாரங்களிட்டு, கோளத்தையே சுழற்றுவது என்பது முதலில் எழுந்த யோசனை. ஸைஸ் கம்பெனியின் பொறியாளரான வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் அதைத் தலைகீழாக்கினார். வெண்மையான குவிமாடத்தை அசையாமல் நிறுத்தி, நடுவில் பல கண்ணாடிவில்லைகள் பதித்த ஒளிக்கருவியைச் சுழலவிட்டு, ஆகாயத்தையே மாடத்தின்மேல் எழுதிக்காட்டினார். 1923 அக்டோபர் 21-ல் ம்யூனிக்கில் முதன்முதலாகக் காட்டப்பெற்ற அந்தக் கருவிக்கு ம்யூனிக் வானம் ஒன்றே தெரியும். அதன் பின்வந்த கருவிகள் எந்த ஊர் வானத்தையும் எந்த நாளுக்கும் காட்டவல்லனவாயின. 1988-ல் கோட்டூர்புரத்து மையத்தின் வளாகத்தில் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கத்தின் உட்கவிகை அலுமினியத் தகட்டாலானது. ஒளி அதில் படிந்து நிற்க, பின்னாலிருந்து வரும் ஒலி ஊடுருவும்படியாக அத்தகடு முழுவதும் நுண்துளைகள் இடப்பட்டுள்ளன.

நாங்கள் அக்கோளரங்கினுள் அமர்ந்ததும், விளக்குகள் மெல்ல அணைந்து, வெளியே வெயில் கொளுத்தும் நண்பகலில் அந்த இருட்டில் நக்ஷத்திரங்கள் ஒவ்வொன்றாக அரும்பியபோது, பேத்தி என் கையைப் பற்றிக்கொண்டாள். வடதிசையில் சப்தரிஷி மண்டலம். அதில் வால்போல் நீண்ட மூன்று மீன்களுள் நடுவிலிருப்பது வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒளிர்வது அருந்ததி. துருவனோ மிகத் தாழ்வாக நின்றான். இதற்குக் காரணம் எளிது. ஓர் ஊரின் அக்ஷரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவன் தெரிவான். ம்யூனிக்கில் 48 பாகை; சென்னையில் 13 மட்டுமே. ஒரு தென்னையும் இரண்டு மாடிகளும் போதும், அவனை மறைக்க. இந்நகரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவனைப் பாராமலே வளர்வதில் வியப்பில்லை.

காட்சிசாலைகளில் வேறொரு வகையும் உண்டு. நம்மவர் பலர் பிழைக்கப் போயிருக்கும் துபாயில், 2022 பிப்ரவரி 22-ல் 'எதிர்கால அருங்காட்சியகம்' என்றொரு அற்புதக் கட்டடம் திறக்கப்பட்டது. 1,024 உலோகத் தகடுகள் போர்த்திய அந்த மாபெரும் வளையத்தினுள் புகுபவர், 2071-ம் ஆண்டின் விண்வெளி நிலையமொன்றுக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். அதன் சிற்பத் திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அங்கே காண்பது பிறர் கற்பித்த எதிர்காலம். உண்மைதானா என்று அறிய 2071 வரை காத்திருக்கவேண்டும். கோட்டூர்புரத்தில் கண்டதையோ, அன்றிரவே மொட்டைமாடியில் ஏறிச் சோதித்துவிடலாம். நாளைய விஞ்ஞானி உருவாவது இந்தச் சோதனை செய்யும் பழக்கத்திலிருந்துதான் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே, சிறிய பழுதானாலும் உடனே சரிசெய்து, இம்மையத்தின் பிடிகளும் பொத்தான்களும் என்றும் இயங்கும்படி பேணுவது நம் கடமை.

அன்றிரவு எட்டு மணிக்கு மாடிக்குச் சென்றோம். நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 பாகை என்றும், அதன்மேல் இரண்டு விரல் சேர்த்தால் 13 வரும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். சப்தரிஷிகள் உயரத்தில் தெரிந்தார்கள். பேத்தி வடக்கு நோக்கி முஷ்டியை நீட்டி, அதன்மேல் இரண்டு விரல்களை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அவ்விடத்தில் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கையை மடக்காமலே, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓரடி ஓரடியாக இடப்பக்கம் நகரத் தொடங்கினாள்.