முதலில் செயினைப் பாருங்கள்

யீஷூனிலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். சிறிய மோட்டார் சைக்கிளுக்கான 2பி உரிமம் எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. கையில் இருப்பது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய 150 சிசி வண்டி. டாப் பாக்ஸ், ஸ்பாட் லைட், கைப்பேசித் தாங்கி, புது எக்ஸாஸ்ட் என்று வாங்க நினைப்பவற்றைப் பட்டியல் போட்டு, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கிறார். அல்லது அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, ஓராண்டு நிறைந்ததும் அடுத்த வகுப்பான 2ஏ உரிமம் எடுத்துப் பெரிய வண்டிக்கே போய்விடலாமா என்பது இரண்டாவது கேள்வி. கடிதத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி: "இப்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது, பின்னாலிருந்து சலசலவென்று சத்தமும் வருகிறது. சின்ன வண்டிதானே."

அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சின்ன வண்டி என்பதற்காக எந்த வண்டியும் வெட்டி இழுக்காது, தம்பி. அநேகமாக அது செயின். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

தேக்கா சந்தைப் பக்கம் போனால், நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களின் செயினைப் பார்த்துக்கொண்டே நடப்பது என் வழக்கம். டேங்கைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். புது ஸ்டிக்கர், புது விளக்கு, பின்னால் பெரிய பெட்டி. செயின் மட்டும் துருவேறிச் சிவந்து தொய்ந்து கிடக்கும். எஞ்சினின் சக்தி முழுவதும் அந்த ஒற்றை வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது என்பதை நினைத்தால் மனம் கேட்பதில்லை.

இன்று நாம் பயன்படுத்தும் செயினின் அமைப்பு 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கியது. பக்கத் தகடுகளைக் கோக்கும் ஒரு பின், பின்னைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷின் மேல் தானாகச் சுழலும் ஓர் உருளை. சைக்கிளுக்குப் போய், பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வந்து, அடிப்படை மாறாமல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூரின் எல்.ஜி.பி. நிறுவனம் 'ரோலான்' என்ற பெயரில் தயாரிப்பதும், சென்னையின் 'டைமண்ட்' செயினும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

சிறிய வண்டிகளின் செயினில் 428 என்று பொறித்திருக்கும். முதல் இலக்கம் ஒரு கண்ணியின் நீளத்தைச் சொல்கிறது: அங்குலத்தில் எட்டில் நான்கு பங்கு, அதாவது 12.7 மில்லிமீட்டர். பெரிய வண்டிகளில் காணப்படும் 520 வகையில் அது எட்டில் ஐந்து பங்கு.

செயின் நீண்டுவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். எஞ்சின் இழுத்து இழுத்து இரும்பு நீண்டுவிட்டதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஊரில் எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் ஓர் ஊஞ்சல் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பலகை தரையை நோக்கித் தாழ்ந்துகொண்டே வந்தது. சங்கிலியின் வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தன. மற்ற இடங்களில் இரும்பு போட்டபடியே இருந்தது. வண்டிச் செயினிலும் நடப்பது இதுதான். பின்னும் புஷ்ஷும் உரசும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். ஒரு கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலும், 130 கண்ணிகள் உள்ள செயின் 13 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அப்போது கண்ணிகளின் இடைவெளியும் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களின் இடைவெளியும் பொருந்துவதில்லை. உருளைகள் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறிப் பல்லைக் கொக்கிபோல் வளைத்துத் தின்கின்றன. அதனால்தான் செயினை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள்.

சோதிப்பது எளிது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் அந்தச் செயினின் காலம் முடிந்தது.

என்னை இன்றும் வியக்கவைப்பது வேறொன்று. வண்டி ஓடும்போது செயினின் இறுக்கம் ஒரே நிலையில் நிற்பதில்லை. முன் ஸ்ப்ராக்கெட் ஓரிடத்தில் இருக்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அதற்குச் சற்றுப் பின்னால் வேறோரிடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது, முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் கூடிக் குறைகிறது. இந்த மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போது தூரம் மிக அதிகம். செயின் மிக இறுக்கம். ஆள் இல்லாமல் நிற்கும் வண்டியில் பின் அச்சு பொதுவாக அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் அமுங்கி, அச்சு கோட்டை நெருங்குகிறது. பின்னால் ஒருவர் ஏறினால் இன்னும் நெருங்குகிறது. செயினுக்குத் தளர்வு விடச் சொல்வது இதற்காகத்தான். எத்தனை மில்லிமீட்டர் என்பது ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும், பல வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலேயே ஒட்டிய தாளிலும் இருக்கிறது.

இப்போது டாப் பாக்ஸுக்கு வருவோம். பெட்டி, அதற்குள் மழைக்கோட்டு, பூட்டு, தண்ணீர்ப் புட்டி, அலுவலகப் பை. இவ்வளவு பாரமும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் நெம்புகோலாக வேலை செய்து, பின்பக்கத்தை அமுக்கி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தளர்த்துகிறது. ஹேண்டில் லேசாகி அலைபாயும். முன்விளக்கு மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சிங்கப்பூரில் 1995 முதல் பகலிலும் விளக்கெரித்தே ஓட்டுகிறோம். நம்மை மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக வந்த விளக்கு அவர்களைக் கூசச் செய்தால் பயன் கெட்டுவிடும். செயினோ, வெறும் வண்டியில் இறுக்கமாக வைக்கப்பட்டிருந்தால், பாரம் ஏறியதும் விறைத்துக்கொண்டு கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கையும் சக்கரத்தின் பேரிங்கையும் இழுக்கத் தொடங்கும். பெட்டி வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் மழைக்கு அது தேவைதான். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் எடை வரம்பை மதியுங்கள், கனமான பொருளை அடியிலும் முன்பக்கமாகவும் வையுங்கள், பெட்டி பொருத்திய அன்றே பின் ஷாக்கின் இறுக்கத்தையும் விளக்கின் கோணத்தையும் செயினின் தளர்வையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்பே வாங்க வேண்டியவை உங்கள் உடம்பில் போடுபவை. அங்கீகார முத்திரையுள்ள, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட். கையுறை, விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கைதான். கணுக்காலை மூடும் காலணி. ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலங்கி. வெயில் சுடுகிறது என்று அரைக்கால் சட்டையும் செருப்புமாகத் தீவு விரைவுச்சாலையில் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. இந்த ஊரின் சாலை மரணங்களில் ஏறக்குறையப் பாதி, மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையவை. ஸ்பாட் லைட்டுக்கு வைத்திருக்கும் பணம் முதலில் இங்கே போகட்டும்.

கைப்பேசித் தாங்கி வாங்கினால் அதிர்வைத் தணிக்கும் அடிப்பகுதியோடு வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐஃபோனின் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. கூடுதல் விளக்கு, சார்ஜர் எதுவானாலும் தனி ஃபியூஸ் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்காத குழாயைப் பொருத்துவது குற்றம். சட்டத்தை விடுங்கள், நள்ளிரவில் புளோக்கின் அடியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு விழிக்கும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நல்ல நிலையில் உள்ள 150 சிசி வண்டி அதைத் தாராளமாக எட்டும். தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 50 கிலோமீட்டர். உள்ளூரில் வேலைக்குப் போய்வர எந்தப் பெரிய எஞ்சினும் தேவைப்படாது. சிசி கூடினால் சக்தி கூடும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. சென்னையிலிருந்து வரும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 349 சிசி. 2ஏ வகுப்பில் வருகிறது. அதன் சக்தி சுமார் 20 குதிரைத்திறன். 2பி வகுப்பில் ஓட்டக்கூடிய கேடிஎம் டியூக் 200-இன் சக்தி சுமார் 25.

செலவையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கான சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் 2022-இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. 2017 முதல் கூடுதல் பதிவுக் கட்டணமும் படிப்படியாக ஏறுகிறது: வண்டியின் திறந்த சந்தை மதிப்பில் முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000-க்கு 50, அதற்கு மேல் 100. மதிப்பு 4,000 வெள்ளியானால் 600 வெள்ளி கட்டுவீர்கள். 12,000 ஆனால் 5,250. மதிப்பு மூன்று மடங்கானால் கட்டணம் ஒன்பது மடங்கை நெருங்கிவிடுகிறது.

மாறுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. மனைவியோ தம்பியோ தினமும் பின்னால் வருகிறார்கள், ஜோகூரைத் தாண்டி ஈப்போ, பினாங்கு என்று அடிக்கடி நெடும்பயணம் போகிறீர்கள், உங்கள் உயரத்துக்கு இந்த வண்டியில் முழங்கால் மடங்கி வலிக்கிறது என்றால் மாறுங்கள். இப்போதைய வண்டியில் ஏபிஎஸ் இல்லை, அடுத்ததில் இருக்கிறது என்பதும் நல்ல காரணம். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 முதல் அது கட்டாயம். நண்பர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்பது மட்டும் காரணமாக வேண்டாம். ஈரச் சாலையில் அவசரமாக நிறுத்துவதும், மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் பிடிப்பதும் சின்ன வண்டியில் கைவரவில்லையென்றால், கனமான வண்டி அவற்றைக் கற்றுத் தராது.

உணவு விநியோகம் செய்யும் பிள்ளைகளையும், விடியுமுன் உட்லண்ட்ஸ் கடற்பாலம் கடந்து வேலைக்கு வரும் நம் மலேசியச் சகோதரர்களையும் நினைத்தும் இதை எழுதுகிறேன். நாள் முழுவதும் ஓடும் அந்த வண்டிகளுக்குத்தான் செயின் பராமரிப்பு அதிகம் தேவை. அவர்களுக்குத்தான் அதற்கு நேரமே கிடைப்பதில்லை. சில நிமிட வேலைதான். ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, கீழ்ப்பக்கச் செயினின் உள்முகத்தில் எண்ணெய் விடுங்கள். ஓடும்போது அது தானே வெளிப்பக்கம் பரவும். எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒருபோதும் செயின் அருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள், விரல் போய்விடும். ரப்பர் வளையம் உள்ள செயினைப் பெட்ரோலால் கழுவக் கூடாது. வளையம் கெட்டு, உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும். நல்ல மழையில் நனைந்தால் அன்றே துடைத்து எண்ணெய் விடுவது நல்லது.

ஆகவே தம்பி, இந்த வாரமே காக்கி புக்கிட்டிலோ ஜாலான் புசார் பக்கமோ நம்பிக்கையான ஒரு பட்டறையில் செயினைக் காட்டுங்கள். தேய்ந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டுகளோடு சேர்த்து மாற்றுங்கள். அடுத்து கையுறையும் காலணியும் வாங்குங்கள். அதற்குப் பிறகு பெட்டி. அப்படிச் சில மாதங்கள் ஓட்டிய பிறகும் இந்த வண்டி போதவில்லை என்று தோன்றினால், தயங்காமல் 2ஏ வகுப்பில் சேருங்கள்.