பாட்டோடு பாடியவர் பெயரும்

ஒரு பாடகர் மறைந்த பிறகு அவருடைய பாட்டு நிலைத்துவிட்டால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், பாட்டு நிலைத்தும் பாடியவர் மறக்கப்படுவதுண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ், நாட்டுப்புற இசை வரலாறு இதற்குச் சான்று. சமூக அறிவியல் கற்பிக்கும் நான், பாகுபாடு பற்றிய பாடத்தில் மாணவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்வது வழக்கம்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் பருத்தி வயல்களில் உழைத்துக்கொண்டிருந்த தென் மாநில மக்களிடையே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளூஸ் உருவானது. ஓர் அடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்வது இதன் பரவலான அமைப்பு. இப்பாடல்கள் பெரும்பாலும் செவிவழியே பரவியதால், முதலில் பாடியவரின் பெயர் எளிதில் உதிர்ந்துபோனது.

புகழ் பெற்றவர்களுக்கும் இந்நிலை நேர்ந்தது. ‘புளூஸ் பேரரசி’ எனப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் கார் விபத்தில் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஆயினும் 33 ஆண்டுகள் அவர் கல்லறையில் பெயர்க்கல் இல்லை. 1970-இல் இருவர் செலவைப் பகிர்ந்துகொண்டு கல் நட்டனர். ஒருவர், ராக் பாடகி ஜானிஸ் ஜோப்ளின். மற்றவர், சிறுவயதில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஜுவானிட்டா கிரீன்.

லெட் பெல்லி என்றழைக்கப்பட்ட ஹடி லெட்பெட்டர் 1949 டிசம்பரில் மறைந்தார். அவர் தம் உறவினரிடம் கேட்டுக் கற்று, பல்லாண்டுகள் பாடிவந்த ‘குட்நைட் ஐரீன்’ பாடலை அடுத்த ஆண்டே வீவர்ஸ் குழுவினர் பாட, அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதைக் காண அவர் இல்லை.

எலிசபெத் காட்டனின் கதை சற்று வேறுபட்டது. இடக்கைப் பழக்கமுள்ள அவர், வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். சிறுமியாக இருந்தபோதே ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ பாடலை உருவாக்கினார். பின்னர் சீகர் குடும்பத்தில் வீட்டுவேலை செய்தார். அவ்வீட்டு மகள் பெக்கி அப்பாடலை இங்கிலாந்தில் பாட, அங்கே வேறிருவர் அதைத் தமதென்று பதிவுசெய்துகொண்டனர். பிறகே காட்டனின் உரிமை நிலைநாட்டப்பட்டது. 1985-இல், 90 வயதைக் கடந்த நிலையில், கிராமி விருது பெற்றார். 1987-இல் மறைந்தபோது பாட்டும் பெயரும் சேர்ந்தே இருந்தன.

இம்மூவரைப் பற்றியும் சொன்ன பிறகு கரும்பலகையில் மூன்று வினாக்களை எழுதுவேன். பாடியவர் யார்? யாரிடம் கற்றார்? பாட்டால் வந்த பணமும் புகழும் யாருக்குப் போயின? குழுக்களாக அமர்ந்து மாணவர்கள் அட்டவணை நிரப்புவார்கள். மூன்றாம் வினாவில்தான் விவாதம் சூடுபிடிக்கும். “பாடினவங்களுக்கு ஏன் சார் கொடுக்கல?” என்று ஒரு மாணவி கேட்டாள். நிறவெறியையும் காப்புரிமையையும் அந்தக் கேள்வியிலிருந்தே விளக்க முடிந்தது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் இதை எளிதாகச் செய்யலாம். குழந்தைகள் வீட்டிலிருந்து தாலாட்டோ விளையாட்டுப் பாட்டோ கேட்டு எழுதி வரும்போது, அதன் கீழே ‘பாடித் தந்தவர்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆயாவின் பெயர், ஊர், அவர் யாரிடம் கற்றார் என்பது போதும். பாட்டியின் பெயரே தெரியாத குழந்தைகள் வகுப்பில் இருப்பார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள்.