முதல் டூயத்லான், அதுவும் மலைப்பாதையில்: ஓடி, மிதித்து, மறுபடியும் ஓட எப்படித் தயாராவது?

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தே போகும் கூட்டத்தைக் கொங்கு மண்ணில் தெரியாதவர்கள் இல்லை. மலைமேல் இரவு தங்கும் உரிமையும், டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவதும் இந்த ஊர்க்காரர்களின் தனி அடையாளம். பாதயாத்திரை போய்ப் பழகிய யாரைக் கேட்டாலும் முதல்முறை வருபவருக்கு ஒரே புத்திதான் சொல்வார்கள்: “மொத நாளே வேகம் காட்டாதப்பா, மலை கடைசியிலதான் இருக்குது.”

விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே விடியற்காலையில் ஓட்டமும் சைக்கிளும் பழகும் இளைஞர்களை இன்று எடப்பாடி, கொங்கணாபுரம், சங்ககிரி சாலைகளில் பார்க்க முடிகிறது. அவர்களில் சிலர் அடுத்த கட்டமாக யோசிப்பது டூயத்லான். நீச்சல் தெரியாதவர்களும் கலந்துகொள்ளலாம் என்பது இதன் வசதி. ஆனால் போட்டிப் பாதை மலைப்பாங்காக இருந்தால், சமவெளியில் பழகிய கால்களுக்கு அது வேறு கணக்கு. பாதயாத்திரைக்காரர்கள் சொல்லும் அதே புத்தி இங்கேயும் பொருந்தும்.

டூயத்லான் என்றால் என்ன?

முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், கடைசியில் மறுபடியும் ஓட்டம். இடையில் நிறுத்தி ஓய்வெடுக்க நேரம் கிடையாது. ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தை ‘டிரான்சிஷன்’ என்பார்கள். அங்கே செலவாகும் நேரமும் மொத்தக் கணக்கில் சேரும்.

சர்வதேச அளவில் வழக்கமான தூரம் 10 கி.மீ. ஓட்டம், 40 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். இதில் பாதி ‘ஸ்பிரின்ட்’ எனப்படும்: 5 கி.மீ., 20 கி.மீ., 2.5 கி.மீ. முதல்முறை இறங்குபவர்களுக்கு ஸ்பிரின்ட் தூரமே போதும்.

எங்கிருந்து வந்தது?

1980-களில் அமெரிக்காவில் இதை ‘பயத்லான்’ என்றே அழைத்தார்கள். பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த ஒலிம்பிக் விளையாட்டுக்கும் அதே பெயர் இருந்ததால், குழப்பத்தைத் தவிர்க்க டூயத்லான் என்று மாற்றினார்கள். 1990-இல் அமெரிக்காவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது.

மலைப்பாதை டூயத்லான் என்றதும் இந்த விளையாட்டுக்காரர்கள் நினைப்பது சுவிட்சர்லாந்தின் சோஃபிங்கன் நகரத்தைத்தான். 1989-இல் தொடங்கிய ‘பவர்மேன் சோஃபிங்கன்’ போட்டியில் 10 கி.மீ. ஓடி, 150 கி.மீ. சைக்கிள் மிதித்து, பிறகு 30 கி.மீ. ஓட வேண்டும். எல்லாமே மேடும் பள்ளமுமான பாதை. நீண்ட தூர டூயத்லானுக்கான உலக சாம்பியன்ஷிப் பல முறை நடந்த இடமும் இதுவே. தூரங்களைக் கவனித்தால் ஒன்று புரியும். முதல் ஓட்டம் 10 கி.மீ.தான், கடைசி ஓட்டம் அதைப்போல் மூன்று மடங்கு. முதல் பத்திலேயே வீரத்தைக் காட்டியவருக்குக் கடைசி முப்பதில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

மலை ஏன் கணக்கை மாற்றுகிறது?

சமதளத்தில் சைக்கிள் மிதிக்கும்போது பெரும்பாலான சக்தி காற்றைக் கிழித்துக்கொண்டு போகவே செலவாகிறது. ஏற்றத்தில் புவியீர்ப்புதான் எதிரி. உடல் எடை 70 கிலோ, சைக்கிள் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த 80 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற சுமார் 78 கிலோஜூல் வேலை தேவை. தசைகள் தாங்கள் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் மிதியடிக்குக் கொடுக்கின்றன. மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் உடல் எரிப்பது சுமார் 75 கலோரி. ஏறக்குறைய ஒன்றரை இட்லி. ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறுவது 1,000 மீட்டருக்கு மேல். அப்படியென்றால் பதினைந்து இட்லி!

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏற்றத்தில் வேகம் குறைவதால் வீசும் காற்று குறையும். உடலோ அதிகமாக உழைத்துச் சூடாகும். சேலம் வெயிலில் இந்த இரண்டும் சேர்ந்தால் வியர்வை காய்வதற்குள் உடல் சூடு ஏறிவிடும்.

முதல் ஓட்டம்தான் பொறி

போட்டி தொடங்கும் நேரத்தில் கால்கள் புத்துணர்ச்சியோடு இருக்கும். சுற்றிலும் நூறு பேர் பாய்வார்கள். ‘அஞ்சு கிலோமீட்டர்தானே’ என்று மனசு சொல்லும். முதல்முறை வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒருவர் ஸ்பிரின்ட் தூரத்தை மலைப்பாதையில் நிதானமாகத் தொடங்குகிறார். முதல் 5 கி.மீ.க்கு 35 நிமிடம், சைக்கிளுக்கு 60, கடைசி 2.5 கி.மீ.க்கு 20, மாறும் இடங்களில் 5. மொத்தம் 120 நிமிடம். அவரே முதல் ஓட்டத்தைப் பாய்ந்து 30 நிமிடத்தில் முடித்தால் லாபம் 5 நிமிடம். ஆனால் சோர்ந்த கால்களோடு ஏற்றத்தில் மிதிக்க 68 நிமிடம் ஆகிறது. கடைசியில் பாதி தூரம் நடந்து 28 நிமிடம். மொத்தம் 131. கையில் வந்த 5 நிமிடத்துக்குக் கொடுத்த விலை 16 நிமிடம். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், பாடம் மாறாது.

அளவுகோல் எளிது. முதல் ஓட்டத்தில் பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் வேகம் அதிகம். ஏற்றம் வந்தால் அடியைச் சின்னதாக்க வேண்டும், தேவைப்பட்டால் நடக்கவும் செய்யலாம். செங்குத்தான இடத்தில் வேகமாக நடப்பவருக்கும் திணறி ஓடுபவருக்கும் நேர வித்தியாசம் பெரிதாக இருக்காது. சக்தி வித்தியாசம் நிச்சயம் இருக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து

ஏற்றத்தில் தோற்றால் நேரம்தான் போகும். இறக்கத்தில் தோற்றால் எலும்பு போகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சைக்கிள் ஒரு நொடியில் 14 மீட்டர் கடந்துவிடும். குழியைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும்.

வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். முன், பின் பிரேக் இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நீண்ட இறக்கம் முழுக்க அழுத்தியே வைத்திருந்தால் ரிம் சூடேறும். வளைவில் உள்பக்கக் கால் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே இருக்கட்டும். பார்வை முன்சக்கரத்தில் வேண்டாம், போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இரண்டும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இறங்கப் பழகும் முதல் இடமாக இவற்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் ஏன் கேட்பதில்லை?

ஒரு மணி நேரம் வட்டமாகச் சுற்றிய கால்களை, திடீரென்று உடல் எடையைத் தாங்கி நேராகப் பாயச் சொல்கிறோம். தொடையின் முன்தசை ஏற்கெனவே களைத்திருக்கும். குனிந்தே இருந்த இடுப்பு நிமிர மறுக்கும். முதல் சில நிமிடங்கள் ‘இது என் காலா, யாரோட காலு?’ என்றுதான் இருக்கும். புதிதாக வருபவர்கள் இதைக் காயம் என்று நினைத்துப் பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது தானாகச் சரியாகிவிடும். சின்ன அடி வைத்து மெதுவாகத் தொடங்குவதுதான் மருந்து. கடைசி ஒரு கிலோமீட்டரை ஏற்றத்தில் மிதிக்கும்போது சின்ன கியருக்கு மாறி, லேசாகச் சுற்றிக் காலைத் தளர்த்திக்கொள்வது நல்லது.

எடப்பாடியில் இருந்துகொண்டே பழக முடியுமா?

முடியும். நிற்காமல் 3 கி.மீ. ஓடவும், ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கவும் முடிகிறவருக்குப் பன்னிரண்டு வாரம் போதுமானது. வாரத்துக்கு இரண்டு நாள் ஓட்டம், இரண்டு நாள் சைக்கிள், ஒரு நாள் இரண்டும் சேர்ந்து, இரண்டு நாள் ஓய்வு. சேர்ந்த நாள் முக்கியம். சைக்கிள் மிதித்து முடித்த உடனே பத்து நிமிடமாவது ஓட வேண்டும். கால் கேட்காத அந்த நிலைமைக்கு உடம்பு பழகுவது இப்படித்தான்.

மலைக்கு என்ன செய்வது? ஏரிக்கரை மேடும் மேம்பாலமும் போதும். ஒரே மேட்டை ஆறு முதல் எட்டு முறை ஏறி இறங்கலாம். சங்ககிரி மலைக்கோட்டைக்கு நடந்து ஏறுவது தொடைக்கு நல்ல பயிற்சி. மேட்டூர்ப் பக்கம் மேடு பள்ளமான சாலைகளில் மாதம் இரண்டு முறை சைக்கிள் பழகலாம். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்குப் பேர்போன ஊர்கள். சேலம்–கோவை நெடுஞ்சாலையில் பயிற்சி வேண்டாம். பூலாம்பட்டி போல உள்ளூர்ச் சாலைகளே நல்லது. விடியுமுன் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கும், பளிச்சென்ற சட்டையும், தலைக்கவசமும் கட்டாயம்.

லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டுமா?

வேண்டாம். கியர் உள்ள சாதாரண சைக்கிள் போதும். கியர் இல்லாத சைக்கிளில் சமவெளியைச் சமாளித்துவிடலாம், மலையில் முழங்காலுக்குக் கேடு. போட்டிக்கு முன்பு பிரேக் கட்டை, டயர், செயின் மூன்றையும் கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்ப்பது புதிய சைக்கிள் வாங்குவதைவிடப் பயனுள்ளது. ஓடும் ஷூவோடே மிதித்தால் மாறும் இடத்தில் ஷூ மாற்றும் நேரமும் மிச்சம்.

என்ன சாப்பிடுவது?

போட்டிக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு இட்லியும் வாழைப்பழமும் தாராளமாகப் போதும். சைக்கிளில் போகும்போது கடலை மிட்டாய் அல்லது இன்னொரு வாழைப்பழம். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில் இருக்கட்டும். தாகத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே ஆபத்தாகலாம். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் போட்டியன்று தொடக் கூடாது.

மறக்கக் கூடாத விதிகள்

தலைக்கவசத்தின் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். குறித்த கோட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும், கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். பெரும்பாலான பொதுப் போட்டிகளில் முன்னால் போகிறவரின் சைக்கிளை ஒட்டிக்கொண்டு போவது தவறு. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அந்தப் போட்டியின் விதிமுறையில் பார்த்துக்கொள்ள வேண்டும். காதில் இயர்போன் கூடாது. பாட்டிலையும் தோலையும் சாலையில் வீசினால் அபராதம் விழும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயப் பிரச்சினை உள்ளவர்களும், நாற்பது வயதைக் கடந்து புதிதாகத் தொடங்குபவர்களும் பயிற்சிக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது அவசியம். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல் வந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். வெயிலில் ஓடும் ஒருவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

‘இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே’ என்ற வைராக்கியம் பல நேரம் கைகொடுக்கும். இந்த அறிகுறிகள் தெரியும்போது மட்டும் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பாதியில் நிறுத்தியவர் அடுத்த வருடம் மறுபடியும் பெயர் கொடுக்கலாம்.

முதல் போட்டியில் எத்தனையாவது இடம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. கடைசி இரண்டரை கிலோமீட்டரை நடந்தோமா, ஓடினோமா என்பது மட்டும் ஓடியவருக்கு நினைவிருக்கும். பழனிக்கு நடப்பவர்கள் அடிவாரத்தை அடைந்த பிறகும் 693 படிகள் மிச்சம் இருக்கும். அதற்கான தெம்பை அவர்கள் எடுத்து வைத்தது எடப்பாடியில், முதல் நாள் நடையில்.