கழிவுக்கு இடம் எங்கே? புக்கிட் மேரா தரும் படிப்பினை

மேம்பாட்டுத் திட்டம் ஒன்றனை மதிப்பிடுங்கால் அது தரும் பயன் யாது என வினவுகின்றோம். அது விட்டுச்செல்லும் எச்சம் யாது என வினவுதல் அரிதாகவே உள்ளது. இவ்விரண்டாம் வினாவின் இன்றியமையாமையைப் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா நமக்கு உணர்த்துகின்றது.

ஈயச் சுரங்க மணலிற் கிடைக்கும் மோனசைட் கனிமத்திலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை அங்கு 1982ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. பிரித்தபின் எஞ்சுவது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவாகும். தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். ஆயினும், ஆலை இயங்கத் தொடங்கிய பின்னரும் கழிவுக்குரிய நிலையான சேமிப்பிடம் முடிவாகவில்லை. 1984இல் பாப்பான் மக்கள் தம்மூரில் கிடங்கு அமைவதை எதிர்த்தனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடப் பணித்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும், 1994இல் ஆலை மூடப்பெற்றது. கழிவு பின்னர்க் கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டது.

எனவே, கழிவின் வகை, அளவு, இறுதியிடம், காவற்பொறுப்பு ஆகிய நான்கும் உரிமம் வழங்கப்பெறும் முன்னரே முடிவாதல் வேண்டும் என்பது நம் கருத்து. ஆலையின் வருவாய் சில ஆண்டுகட்கே உரியது. கழிவின் காவலோ தலைமுறைதோறும் தொடர்வது.