மித்தி ஆறும் கழிவுநீரும்

விகார், பொவாய் ஆகிய ஏரிகள் நிரம்பி வழியும் நீரால் உருவாவது மித்தி ஆறு. ஏறத்தாழ 18 கி.மீ. ஓடி, குர்லாவையும் தாராவியையும் கடந்து, மாகிம் கழிமுகத்தில் அரபிக் கடலில் கலக்கிறது. 1860-இல் கட்டி முடிக்கப்பட்ட விகார் ஏரியே மும்பைக்கு முதன்முதலில் குழாய்வழிக் குடிநீர் தந்தது. அவ்வேரியிலிருந்து வரும் ஆறு குர்லாவை அடையும்போது கருநிறம் கொண்டுவிடுகிறது. கோடையில் ஏரிகள் வழிவதில்லை. அப்போது ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீரே.

2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. மித்தி கரைபுரண்டது. குர்லாவின் வீடுகளுக்குள் புகுந்தது மழைநீர் மட்டுமன்று. சாக்கடையும் கலந்த நீர். வெள்ளம் வடிந்த பின்னர் நகரில் எலிக்காய்ச்சல் பரவியது.

மும்பையில் மழைநீர் வடிகாலும் புதைசாக்கடையும் தனித்தனியாக அமைந்தவை. முன்னது மழைநீரைக் கடலில் சேர்க்கும். பின்னது வீட்டுக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுசெல்லும். புதைசாக்கடை எட்டாத நெரிசலான குடியிருப்புகளின் கழிவோ, 'நாலா' எனப்படும் மழைநீர்க் கால்வாய்களில் இறங்கி ஆற்றை அடைகிறது. கரையில் வாழ்வோரே ஆற்றைக் கெடுத்தனர் என்று குற்றம் சாட்டுவது எளிது. குழாயே இல்லாத வீட்டார் கழிவை எங்கே விடுவர் என்று கேட்போர் சிலரே.

கழிவுநீரில் 99 விழுக்காட்டிற்கும் மேல் நீர்தான். எஞ்சிய சிறு பங்கிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிரிகள் உண்ணும்போது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் செலவாகிறது. அது தீர்ந்தால் மீன்கள் மடியும். ஆக்சிஜன் இன்றி வாழும் வேறு நுண்ணுயிரிகள் பெருகி, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடும். நீர் கருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆறு பல கி.மீ. ஓடி மெல்லச் செய்யும் தூய்மைப் பணியைச் சுத்திகரிப்பு நிலையம் தொட்டிகளுக்குள் சில மணி நேரத்தில் செய்கிறது. முதலில் கம்பிச் சல்லடைகள் துணியையும் நெகிழிப் பைகளையும் தடுக்கின்றன. பின்னர் மணலும் கனமான கசடும் படிகின்றன. அடுத்துள்ள காற்றூட்டத் தொட்டியே நிலையத்தின் உயிர்நாடி. அடியிலிருந்து காற்று குமிழிகளாகச் செலுத்தப்பட, நுண்ணுயிரிகள் கரைந்த கழிவை உண்டு பெருகித் திரள்கின்றன. மற்றொரு தொட்டியில் கசடாகப் படிகின்றன. அக்கசட்டில் ஒரு பகுதியை மீண்டும் காற்றூட்டத் தொட்டிக்கே அனுப்புவதில்தான் நுட்பம் உள்ளது. உறைமோர் புதுப்பாலைத் தயிராக்குவது போல, பழைய கசட்டின் நுண்ணுயிரிகள் புதிய கழிவில் உடனே வேலையைத் தொடங்குகின்றன. இம்முறையை 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர். தெளிந்த நீர் குளோரின் சேர்க்கப்பட்டு வெளியேறும். சென்னைக் கொடுங்கையூரில் இத்தகைய நீரை மேலும் தூய்மையாக்கி, மணலியின் தொழிற்சாலைகளுக்கு 2019 முதல் வழங்கி வருகின்றனர்.

மும்பையோ நெடுங்காலம் கடலை நம்பியிருந்தது. வொர்லியிலும் பாந்த்ராவிலும் சல்லடையும் மணல் நீக்கமும் மட்டுமே கண்ட கழிவுநீர், கடலடியில் 3 கி.மீ.க்கும் மேல் நீளும் சுரங்கங்கள் வழியே வெளியேற்றப்பட்டது. அது கண்ணுக்கு மறைந்ததேயன்றித் தூய்மை பெறவில்லை. 2023 சனவரியில் தாராவி, காட்கோபர் உள்ளிட்ட ஏழு இடங்களில் புதிய நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவற்றின் மொத்தத் திறன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 246 கோடி லிட்டர்.

ஆனால், கழிவு வந்து சேராத நிலையத்தால் ஆற்றுக்குப் பயனில்லை. இருவர் இணைந்து நடக்க இயலாத சந்துகளில் புதைசாக்கடை தோண்டுவது கடினம். ஆதலால், பாபட் நாலா, சஃபேத் புல் நாலா ஆகியவற்றின் நீர் மித்தியில் கலக்குமுன் அதனைத் தடுத்து, சுரங்கவழியே தாராவி நிலையத்திற்குத் திருப்பும் திட்டம் வகுக்கப்பட்டது. இவ்வேற்பாடு மழையற்ற மாதங்களின் ஓட்டத்திற்கே உரியது. பருவமழையில் நாலாக்கள் பெருக்கெடுக்கும்போது, கழிவும் மழைநீரும் ஒன்றாகவே ஆற்றில் இறங்கும்.