“மூச்சு விடாத குரல் எனக்கு வேண்டாம்!” காதாலேயே புத்தகம் படிக்கும் திருத்தங்கல் பெண் தொழிலாளி

திருத்தங்கல், ஆக. 9–

40 வருஷமாகப் புத்தகங்களைக் கையால் மடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், அதில் ஒன்றைக்கூட முழுசாக வாசித்தது கிடையாது. ஆனால் கடந்த 4 வருஷத்தில் அவர் காதால் கேட்டு முடித்த புத்தகங்கள் 60-ஐத் தாண்டும்!

கேட்டதோடு விடவில்லை. இது தேறும், இது தேறாது என்று பட்டென்று தீர்ப்பும் சொல்கிறார்.

இதுபற்றிய விவரம் வருமாறு:–

திருத்தங்கலைச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு வயது 54. “பேரெல்லாம் போடாதீக” என்று கேட்டுக்கொண்டதால் பெயர் இங்கே இல்லை. அச்சகம் ஒன்றின் பைண்டிங் பகுதியில் பாரம் மடிப்பது அவர் வேலை. ஒரு பாரம் என்றால் 16 பக்கம். மடித்த கணக்குக்குத்தான் கூலி.

3-ம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. 9 வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து நிற்கும். தூக்கத்திலேயே பிள்ளைகளை ஏற்றி விடுவார்கள். நாள் முழுக்கக் கட்டை அடுக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல்தான் வந்தது. சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் இவர் தலைமுறைக்கு வயசு போய்விட்டது.

“எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பஸ் போர்டு தெரியும். ஒரு பக்கம் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். அப்புறம் எங்க புத்தகம் படிக்க?” என்கிறார்.

9-ம் வகுப்புப் படிக்கும் பேத்திதான் செல்போனில் முதல் ஒலிப்புத்தகத்தைப் போட்டுக் கொடுத்தாள். பொன்னியின் செல்வன்!

இரண்டு செல்வன்

கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை. 5 பாகம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யாரும் வாசித்து வெளியிடலாம். அதனால் ஒரே கதைக்குப் பல குரல் கிடைக்கிறது.

நாடகக் கலைஞர் பாம்பே கண்ணன், ஆளுக்கு ஒரு குரல் கொடுத்து இசையும் சேர்த்து அதை ஒலிநூல் ஆக்கினார். ‘கதை ஓசை’ தீபிகா அருண் ஒற்றைக் குரலில் வாசித்தது இன்னொன்று. இவர் இரண்டையும் கேட்டுவிட்டார்.

“பல குரல் வர்றது நாடகம் பாத்த மாதிரி ஜோரா இருக்கு. ஆனா வேலை நேரத்துக்கு அது ஆகாது. குதிரை ஓடுற சத்தமும் எங்க கட்டிங் மிஷின் சத்தமும் ஒண்ணாக் கலந்துரும். ஒரே ஆள் உக்காந்து சொன்னா, பக்கத்துல ஒரு மதினி இருந்து கதை பேசுற மாதிரி. கைபாட்டுக்கு மடிக்கும், காதுபாட்டுக்குக் கேக்கும். ராத்திரி படுத்துக்கிட்டுக் கேக்க நாடகந்தான்” என்பது அவர் தீர்ப்பு.

2022-லும் 2023-லும் சினிமா வந்தபோது குடும்பத்தோடு போயிருக்கிறார். திரும்பி வரும்போது கோபம்! “மணிமேகலையைக் காணோமே! கடைசியில அந்தப் பொண்ணுக்காக நான் அழுத அழுகை எனக்குல்ல தெரியும். அவளே இல்லாம என்ன பொன்னியின் செல்வன்?”

படம் பார்த்த பலர் சொன்ன குறைதான். ஆனால் புத்தகத்தின் ஒரு தாளைக்கூடப் புரட்டாமல் சொன்னவர் இவராகத்தான் இருப்பார்.

கொலையாளியும் கோணல் மடிப்பும்

துப்பறியும் கதை? ராஜேஷ்குமார் கதைகள் என்றால் உயிர். ஆனால் வேலை நேரத்தில் கேட்பதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறார். காரணம் கூலி!

“கொலை பண்ணுனது யாருன்னு தெரியப்போற நேரம் பாத்து பாரம் கோணலா மடிஞ்சிரும். பிரிச்சு மறுபடி மடிக்கணும். ஒரு கொலைக்கு எனக்கு 50 பாரம் நட்டம்.”

காந்தியின் சத்திய சோதனை வேறு மாதிரிப் பிடித்திருக்கிறது. அண்ணன் காப்பிலிருந்து துளித் தங்கத்தை வெட்டி எடுத்த சிறுவன், தாங்க முடியாமல் அப்பாவுக்குக் கடுதாசி எழுதிக் கொடுக்க, படுக்கையில் கிடந்த அப்பா அதை வாசித்து அழுகிறாரே, அந்த இடத்தை மூன்று தடவை கேட்டாராம். “பெரிய மனுசன் தன் திருட்டைத் தானே சொல்றாரு. எங்க தெருவுல ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம்!”

கண்ணதாசன் தம் சொந்தக் குரலில் பேசிய அர்த்தமுள்ள இந்து மதத்தையும் கேட்டிருக்கிறார். கவிஞர் 1981-ல் இறந்துபோனவர் என்று பேத்தி சொன்னதும் இவருக்கு மேல் சிலிர்த்துவிட்டது. “செத்தவுக குரல் காதுக்குள்ள வந்து பேசுதே. எழுதினவுகளே பேசினா அதுக்கு ஈடு கிடையாது.”

பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களுக்கு மட்டும் பூஜ்யம் மார்க். ‘பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை’ சுருக்கத்தை அரை மணி நேரம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டார். “பணம் நமக்கு வேலை செய்யணுமாம். முதல்ல பணம் வரட்டும்!”

அவருக்கு மகா எரிச்சல் எது தெரியுமா? இன்டர்நெட்டில் இப்போது மலிந்துவிட்ட எந்திரக் குரல். “மூச்சே வாங்காது. சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒரே தொனி. மூச்சு விடாத ஆள் கதை சொன்னா, கேக்குற நமக்குல்ல மூச்சு முட்டுது. எனக்கு அது வேண்டாம்.” (உரிமை வாங்காமல் அடுத்தவர் நாவலை எந்திரத்திடம் கொடுத்து வாசிக்கவிட்டுக் காசு பார்க்கும் கூட்டமும் இதில் உண்டு. அது திருட்டு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை குடும்பத்துக்குத்தான்.)

மனிதக் குரல் என்றாலும் மண்ணின் நாக்கு வேண்டும் என்கிறார். இடைசெவல் இங்கிருந்து தொலைவில்லை. அந்த ஊர் கி.ராஜநாராயணன் எழுதிய கரிசல் கதை ஒன்றை யாரோ ஒரு பட்டணத்துக் குரல் வாசிக்கக் கேட்டாராம். “நம்ம ஆச்சி பேசுறதை டி.வி.யில நியூஸ் வாசிக்கிற பொண்ணு பேசினா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு.”

பூமணியின் ‘அஞ்ஞாடி’யை இந்தப் பக்கத்து ஆள் யாராவது வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1899-ல் நடந்த சிவகாசிக் கலவரம் அதில் வருகிறது. 2014-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்ற நாவல். 1000 பக்கத்துக்கு மேல். வாசிப்பவருக்குத் தொண்டை வேண்டும்!

பீடி சுற்றியவர்கள் கேட்ட கதை

கை வேலை செய்ய, காது படிப்பது புதுசு ஒன்றும் இல்லை. கியூபா நாட்டு ஹவானாவில் 1865-லேயே சுருட்டுக் கம்பெனிகளில் ஒருவர் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிப்பார். தொழிலாளிகள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். வாசிப்பவருக்குச் சம்பளம் அவர்கள் கொடுத்ததுதான். கேரளத்துக் கண்ணூர் பீடிக் கம்பெனிகளிலும் இந்த வழக்கம் இருந்தது. நம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம், கோவில் கொடையில் வில்லுப்பாட்டு, வாரியார் சுவாமிகளின் கேசட்.

ஆனால் பட்டாசு ஆலைக்கு இது பொருந்தாது. உள்ளே செல்போன் கொண்டுபோகவே கூடாது. இவருடைய மகள் அங்கேதான் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குக் கதை.

அச்சகத்திலும் கட்டுப்பாடு உண்டு. கட்டிங் மிஷின் ஓடும் இடத்தில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உட்கார முடியாது. “ஒரு காதுதான் கதைக்கு. இன்னொண்ணு மிஷினுக்கு” என்று அண்ணாச்சி கண்டித்திருக்கிறார். வேலை விட்டு வரும்போது ரயில் பாதை வந்தால் இவர் அதையும் கழற்றி மடியில் போட்டுக்கொள்கிறார். இயர்போனோடு தண்டவாளம் தாண்டும் வாலிபர்கள் கவனிக்க வேண்டும்!

தங்காலில் ஒரு பொய் வழக்கு

போன மாதம் சிலப்பதிகாரத்தை உரைநடையில் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் கை நின்றுவிட்டது. ‘தங்கால்’ என்று ஓர் ஊர்ப்பெயர். திருத்தங்கல்தான் அது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சங்கப் புலவர்கள் சிலருக்கே தங்கால் என்பது ஊர்ப்பெயராக இருக்கிறது.

மதுரை எரிந்த பிறகு மதுராபதி தெய்வம் கண்ணகியிடம் சொல்லும் கதை அது. பரிசுப் பொருளோடு ஊர் திரும்பும் பராசரன் என்ற அந்தணன், தங்காலில் ஓர் அரச மரத்தடியில் தங்குகிறான். விளையாடும் சிறுவர்களைக் கூப்பிட்டு, என்னோடு சேர்ந்து வேதம் சொல்லுங்கள் என்கிறான். வார்த்திகன் என்பவரின் மகன், பால்மணம் மாறாத வாயால் குழறினாலும் ஓசை பிசகாமல் சொல்கிறான். பையனுக்கு நகையைப் பரிசாகப் போட்டுவிட்டுப் பராசரன் போய்விடுகிறான்.

ஊர்க்காரர்களுக்குப் பொறாமை. அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய புதையலை எடுத்துவிட்டான் என்று வார்த்திகனைச் சிறையில் போட்டார்கள். மனைவி தெருவில் விழுந்து புரண்டாள். கொற்றவை கோவில் கதவு அடைத்துக்கொண்டது. பாண்டியன் விசாரித்தான், பொய் வழக்கு என்று தெரிந்தது. வார்த்திகனை விடுவித்துத் தங்காலையும் வயலூரையும் கொடுத்து, மன்னிப்பும் கேட்டான். அப்புறம்தான் கதவு திறந்தது.

“எங்க ஊர்ல நடந்த கேஸு! எங்களுக்கே தெரியல. அந்தப் பையனுக்கு என்ன வயசு இருக்கும்? நான் கட்டை அடுக்குன வயசுதான் இருக்கும். காதால கேட்டதைத் திருப்பிச் சொன்னதுக்கு அவனுக்கு நகை போட்டாக” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு அவரே கேட்டார்: “வீட்டு வரி ரசீதுல நூலக வரின்னு ஒண்ணு இருக்காமே?”

இருக்கிறது. 1948-ம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு வாங்குகிறார்கள். இப்போது ரூபாய்க்கு 10 காசு. திருத்தங்கல் 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் அந்த வரி நிற்கவில்லை.

“நானுந்தானே கட்டுறேன்? வாசிக்கத் தெரிஞ்சவுகளுக்கு நாற்காலி போட்டிருக்காக. கேக்குறவுகளுக்கு ஒரு மூலையில நாலு மிஷின் வைக்கட்டுமே. எங்க பைண்டிங்ல மட்டும் என்னைப் போல எட்டுப் பேர் இருக்காக.”

நூலக அதிகாரிகள் காதில் இது விழ வேண்டும்.

எத்தனையாவது நிமிஷத்தில் கதை நின்றது என்பதைக் கழிவுத் தாளில் பென்சிலால் குறித்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வது அவர் பழக்கம். எண் எழுத அவருக்குத் தடுமாற்றம் இல்லை. நேற்று மதியம் மிஷினை நிறுத்தியதும், தங்கால் கதையை ஸ்பீக்கரில் போட்டு மற்றவர்களுக்கும் கேட்கவிட்டார். கோவில் கதவு அடைத்த இடத்தில் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

“கதவு திறந்துச்சா இல்லையா மதினி?” என்று சாயங்காலம் வரை நச்சரித்திருக்கிறார்கள்.

“நாளைக்குச் சோத்தைச் சீக்கிரம் தின்னுட்டு வாங்க, கேக்கலாம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.